பூண்டி நீரும் தீரர் சத்தியமூர்த்தியும்

சென்னையிலிருந்து அரக்கோணம் மார்க்கமாகச் செல்லும் ரெயில் பாதையில் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் என்று ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. தெற்கே பெங்களூர் ரஸ்தாவில் பூந்தமல்லியும் அதையடுத்துச் செம்பரம்பாக்கம் ஏரியும் இருக்கின்றன. இந்த மேற்குப் புறநகர்களுக்கும் தீரர் எஸ். சத்தியமூர்த்திக்கும் என்ன சம்பந்தம் என்று இங்குள்ள வாலிபர்களைக் கேட்டால் அநேகர் விடை சொல்லத் திகைப்பார்கள். அவர் பிறந்தது புதுக்கோட்டை சமஸ்தானத்துத் திருமயத்தில். வக்கீல் தொழில் பயின்றது சென்னையில். கீர்த்தி பெற்றது டில்லி சட்டசபையில். ஆயினும், திருவள்ளூருக்கு அப்பால் பூண்டியில் கொசஸ்தலையாற்றை மறித்துத் தேக்கிய நீர்நிலைக்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர். 1955-ம் வருஷம் ஜனவரி மாதம் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, அதற்கென்று எழுப்பிய பந்தல் நகரத்துக்கும் சத்தியமூர்த்தி நகர் என்றே பெயரிட்டார்கள். இவ்விரண்டு பெயர்களும் ஏன் வந்தன என்பது இப்பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்திருப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

சத்தியமூர்த்தியைப் பற்றி நம்மவரிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. அவர் பெரிய பேச்சாளர், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பதே அது. சிறைச்சாலையை விடச் சட்டசபையையே அதிகமாக விரும்பினார், பதவியில் ஆசை வைத்தார், பதவி கிட்டாமற்போனபோது மனம் புழுங்கினார் என்றெல்லாம் அவர் காலத்திலேயே சொன்னவர்கள் உண்டு. அவர்களில் சிலர் காங்கிரஸ்காரர்களே. அவருக்குப் பதவியில் விருப்பம் இருந்தது மெய்தான். அதை அவர் ஒளித்ததுமில்லை. ஆனால், தேசத்துக்காகப் பதவியை விரும்புவதும் தனக்காகப் பதவியை விரும்புவதும் ஒன்றாகா. ஒரு மனிதருக்கு ஒரே ஒரு வருஷம், அதுவும் அதிகாரம் மிகக் குறைந்த ஓர் ஆசனம் கிடைத்தது. அந்த ஒரு வருஷத்தில் அவர் என்ன செய்தார் என்று பார்த்தால் இந்த வழக்கு தீர்ந்துவிடும்.

அவர் 1887-ம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி பிறந்தார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்துப் பின் சட்டம் பயின்றார். வக்கீல் தொழிலில் எஸ். சீனிவாச ஐயங்காரிடம் பயிற்சி பெற்றார். 1919-ல் மாண்டேகு-செம்ஸ்போர்டு திட்டத்தைப் பற்றிப் பார்லிமெண்டின் கூட்டுக் கமிட்டி விசாரித்தபோது, காங்கிரஸின் தூதுகோஷ்டியில் ஒருவராக இங்கிலாந்துக்குப் போனார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. ஆங்கிலேயர் தங்கள் பார்லிமெண்டில் மந்திரிகளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு எப்படித் திணற அடிக்கிறார்கள் என்பதை அவர் அங்கே கண்கூடாகப் பார்த்தார். அந்த வித்தையை ஆங்கிலேயர் மேலேயே பிரயோகிப்பது என்று அவர் பின்னாட்களில் செய்துகொண்ட சங்கற்பத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று நாம் நம்புகிறோம்.

ஒத்துழையாமை இயக்கம் பிறந்தபோது சட்டசபைகளைப் பகிஷ்கரிப்பதே தேசத் தொண்டு என்ற கொள்கை மேலோங்கி நின்றது. சித்தரஞ்சன தாஸும் மோதிலால் நேருவும் 1923-ல் சுயராஜ்யக் கட்சியை ஸ்தாபித்து, சட்டசபைக்குள் புகுந்து சர்க்காரை எதிர்ப்பதே சரி என்றார்கள். சத்தியமூர்த்தி அவர்கள் பக்கம் நின்றார். அவ்வருஷமே சென்னைச் சர்வகலாசாலைத் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1930 வரையில் அங்கே போராடினார். 1928-ல் பாரதியாரின் பாடல் நூல்களைச் சர்க்கார் பறிமுதல் செய்தபோது, அவ்விஷயத்தைச் சட்டசபைக்குக் கொண்டுவந்து ஒத்திவைப்புப் பிரேரணை மூலம் வாதாடியவர் அவரே. போலீஸார் வீடு வீடாகப் புகுந்து எடுத்துச் செல்லக்கூடிய புத்தகங்களைப் பற்றி, சர்க்காரின் முகத்துக்கெதிரே, சர்க்காரின் குறிப்பேட்டிலேயே அழியாதபடி பதிவு செய்ய ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தை உபயோகிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தார். சட்டசபைப் பிரவேசத்தால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு இதை விட வேறு பதில் வேண்டுவதில்லை.

அவர் தவறான பக்கம் நின்ற சமயங்களும் உண்டு. தேவதாசி வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அதே சட்டசபையில் முயன்றபோது சத்தியமூர்த்தி எதிர்த்தார். மதத்திலும் ஆசாரத்திலும் அந்நிய சர்க்கார் கையிடலாகாது என்ற வாதம் அவருக்குப் பெரிதாகத் தோன்றியது. கோயில் வாசலில் பெண் குழந்தைகளின் வாழ்வு பலியாவது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. அன்று அம்மையார் சொன்னதே நியாயம். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டமானதும் அம்மையாரின் கொள்கையே. தேசபக்தர்களை நாம் கொண்டாடும்போது இம்மாதிரி விஷயங்களை மறைத்துப் பேசுவது அவர்களுக்கே செய்யும் அபசாரமாகும்.

அவர் வெறும் சட்டசபைவாதி அல்லர். 1930-ல் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் தேசியக் கொடி ஏற்ற முயன்று கைதியானார். சுகுண விலாச சபையின் நாடகங்களில் வேஷம் தரித்து நடித்தார். சங்கீதத்திலும் நாடகத்திலும் அவருக்கு இருந்த பற்று பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்துவந்து, பாட்டையே பிரசாரமாக்கினார். நடிகர்களைச் சபையில் உட்கார வைக்கவும் தயங்கிய காலம் அது என்பதை இன்றைய வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

1934-ம் வருஷத் தேர்தலில் சென்னையில் ஸர் ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து மத்திய சட்டசபைக்குச் சென்றார். பூலாபாய் தேசாய் காங்கிரஸ் கட்சியின் தலைவர், சத்தியமூர்த்தி உபதலைவர். அங்கே அவர் கேள்வி நேரத்தை ஓர் ஆயுதமாக்கினார். ஒரு மந்திரியோ காரியதரிசியோ எழுதி வைத்துக்கொண்ட பதிலைப் படித்துவிட்டு உட்கார முடியாது. அடுத்த நொடியில் உபகேள்வி வரும். அதற்குச் சொல்லும் பதிலிலிருந்தே இன்னொன்று பிறக்கும். ரெயில்வே, ராணுவச் செலவு, கடல் கடந்த இந்தியரின் நிலை என்று எதையும் அவர் விட்டதில்லை. ஒட்டாவா வர்த்தக ஒப்பந்தத்தை 1936-ல் அந்தச் சபை நிராகரித்தது. அதிகாரம் ஒன்றும் இல்லாத சபைதான் அது. வைஸ்ராய் தம் விசேஷ அதிகாரத்தால் எதையும் நிறைவேற்றிக்கொள்ளலாம். ஆனால், ஒவ்வொரு முறையும் அவர் அந்த விசேஷ அதிகாரத்தை வெளிப்படையாகப் பிரயோகிக்கும்படி செய்துவிட்டால், இது ஜனங்களின் ஆட்சி அல்ல என்பதை உலகமே பார்க்கும். சத்தியமூர்த்தியின் யுத்தி அதுதான்.

1936-ல் அவர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார். விருதுநகர் காமராஜ் காரியதரிசி. 1937 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159-ஐக் காங்கிரஸ் பிடித்தது. அதற்காக அவர் கிராமம் கிராமமாக அலைந்தார். ஆனால், சர்வகலாசாலைத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். ராஜாஜி பிரதம மந்திரியானார். மந்திரிசபையில் சத்தியமூர்த்திக்கு இடமில்லை. இதைப் பற்றி எத்தனையோ விதமாகப் பேசப்பட்டிருக்கிறது. யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்க விரும்பவில்லை. அவர் கட்சியை விட்டு ஓடவில்லை, டில்லி வேலையைத் தொடர்ந்து செய்தார் என்பதே நமக்குப் போதும்.

பிறகு 1939 வந்தது. செப்டம்பரில் யுத்தம் மூண்டது. இந்தியரைக் கேளாமலே இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டதைக் கண்டித்து அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. மாகாண ஆட்சி கவர்னர் கைக்குப் போயிற்று. அதற்கு அடுத்த மாதம் சத்தியமூர்த்தி சென்னை நகரத்தின் மேயரானார். தங்கச் சங்கிலியும் சிவப்பு அங்கியும் கொண்ட பதவி. வருஷத்துக்கு ஒருவர் மாறும் ஸ்தானம். நிர்வாகம் கமிஷனர் கையில், பெரிய செலவுக்குச் சர்க்காரின் அனுமதி வேண்டும், அந்தச் சர்க்காரோ காங்கிரஸுடன் பிணக்குக் கொண்ட சர்க்கார். சம்பிரதாயமாக வரவேற்புரைகள் படித்துவிட்டு, சர்க்கார் மீது பழியைப் போட்டுவிட்டு இறங்கியிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அச்சமயம் நகரத்தில் தண்ணீர்ப் பஞ்சம். சென்னைக்குத் தண்ணீர் வந்த வழியைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். அது முழுவதும் இந்த மேற்கு, வடமேற்குப் பிரதேசத்தின் கதையே. கம்பெனியார் காலத்தில் கோட்டைக்கு ஏழு கிணறு இருந்தது. ஏனைய ஜனங்களுக்கு வீட்டுக் கிணறும் கோயில் குளமுமே கதி. 1872-ல் முதன்முதலாகக் கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, நீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பி, திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் ஏற்பட்டது. இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய குறை இருந்தது. தாமரைப்பாக்கத்தில் இருந்தது நீரைத் திருப்பிவிடும் அணைக்கட்டுத்தான். தேக்கி வைக்கும் அணை அல்ல. கொசஸ்தலையில் வருஷம் முழுவதும் நீர் ஓடுவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் சில நாட்கள் பெருகி ஓடும்; கால்வாய் கொள்ளாத நீர் முழுவதும் எண்ணூர்ப் பக்கம் கடலில் கலந்துவிடும். 1871-ல் நகரத்தின் ஜனத்தொகை நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1941-ல் அது ஏழே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஜனத்தொகை ஏறக்குறைய இரு மடங்காகியும் நீரைத் தேக்கி வைக்கப் புதிய இடம் இல்லை.

தாமரைப்பாக்கத்துக்கு மேலே பூண்டியில் ஆற்றை மறித்து ஒரு நீர்த்தேக்கம் கட்டினால் கடலில் வீணாகும் வெள்ளத்தைப் பிடித்து வைக்கலாம். யோசனை எளிதுதான். பணமும் அனுமதியும்தான் கடினம். யுத்தம் நடக்கிறது, இரும்பும் சிமெண்டும் ராணுவத்துக்கே போதவில்லை, குடிதண்ணீர் காத்திருக்கலாம் என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் நாக் கூசாது. எந்தச் சர்க்காரை டில்லியில் நாள்தோறும் குத்திக் கிழித்தாரோ, அதே சர்க்காரின் வாசலில் நகரத்துக்காக மேயர் சத்தியமூர்த்தி போய் நின்றார். வாதாடினார், வற்புறுத்தினார், விடாமல் தொடர்ந்தார். 1940-ம் வருஷத்திலேயே அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. நான்கு வருஷத்தில், சுமார் 65 லட்ச ரூபாய்ச் செலவில் வேலை முடிந்து, 1944-ல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அந்நாளில் அவர் உயிரோடு இல்லை.

மேயராக ஒரு வருஷம் இருந்து அவர் செய்த காரியம் இது. பல வருஷ காலம் சட்டசபைகளில் பழகிய நாவன்மை இங்கே வீணாகவில்லை. எந்தக் காகிதம் எந்த இலாகாவில் கிடக்கிறது, எந்த அதிகாரியை எந்தக் கேள்வி அசைக்கும், எந்த மறுப்புக்குப் பின்னால் உண்மையான தடை எதுவும் இல்லை என்பதெல்லாம் கேள்வி கேட்டுப் பழகியவனுக்குத்தான் தெரியும். பேச்சு வேறு, காரியம் வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் பூண்டிக் கரையில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு வரட்டும்.

இவ்விடத்தில் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு திருஷ்டாந்தம் நினைவுக்கு வருகிறது. ருஷ்யாவை 1905-ல் ஜப்பான் வென்ற நாள் முதல் நம் நாட்டுத் தேசியவாதிகள் ஜப்பானின் சேனாதிபதிகளைப் பற்றி நிறையப் படித்தார்கள். அந்நாட்டுச் சட்டசபைவாதிகளைப் பற்றி அவ்வளவாகப் படிக்கவில்லை. யூக்கியோ ஒஸாகி என்ற பெயர் தமிழ் நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1858-ல் பிறந்த அவர், 1890-ல் ஜப்பானில் முதன்முதலாக நடந்த பொதுத் தேர்தலில் ஜயித்துச் சட்டசபைக்குப் போனார். அது முதல் இருபத்தைந்து தடவை இடைவிடாது ஜயித்து, 1953 வரையில் அங்கத்தினராகவே இருந்தார். 1898-ல் கல்வி மந்திரியாக இருந்தபோது, பணத்துக்கு நாட்டில் ஏறிவிட்ட மதிப்பைக் கண்டித்து, ஜப்பான் குடியரசாக இருந்தால் பெரிய வியாபார வம்சத்தாரே ஜனாதிபதி ஸ்தானத்துக்கு நிற்பார்கள் என்று ஒரு பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். குடியரசு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சக்கரவர்த்தியின் பக்தர்கள் கூச்சலிட்டார்கள். மந்திரி பதவி போயிற்று. 1913-ல் கத்ஸூரா பிரபு, சக்கரவர்த்தியின் பெயரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கட்சிகளை அடக்கப் பார்த்தபோது, ஒஸாகி சபையில் எழுந்து அவர் முகத்துக்கெதிரே அதைச் சொல்லிக் கண்டித்தார். சில நாட்களுக்குள் அந்த மந்திரிசபை கவிழ்ந்தது.

அதே ஒஸாகி 1903 முதல் 1912 வரையில் டோக்கியோ நகரத்தின் மேயர். வாஷிங்டன் நகரத்துக்கு 1912-ல் செர்ரி மரக் கன்றுகளை அனுப்பிய மேயர் என்றே வெளிநாட்டார் அவரை அறிவார்கள். ஆனால், டோக்கியோவாசிகளுக்கு அவர் செய்த பெரிய உபகாரம் வேறு. நகரத்துக்கு நீர் தரும் டாமா ஆற்றின் தலைப்பகுதியில் காடுகள் அழிந்து மலை மொட்டையாவதைக் கண்டு, 1909-ல் தாமே அந்த மலைகளுக்குப் போய்ப் பார்வையிட்டார். நகரத்தின் தண்ணீரைக் காக்க வேண்டுமானால் நகரத்துக்கு வெகுதூரத்தில் உள்ள காட்டைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்து, அக்காடுகளை நகரமே நிர்வகிக்கும்படி செய்தார். அந்நீர்வளக் காடுகளை டோக்கியோ இன்றும் போற்றிப் பாதுகாக்கிறது.

இருவரும் வாக்கினால் வாழ்ந்தவர்கள். இருவருமே மேயர் ஆசனத்தில் அமர்ந்ததும் முதலில் தண்ணீர் புறப்படும் இடத்தை நோக்கினார்கள். வித்தியாசமும் பெரிது. ஒஸாகிக்கு நாடு சுதந்தர நாடு. மேயர் பதவி ஒன்பது வருஷம் கிடைத்தது. மந்திரி பதவி இரு முறை கிடைத்தது. தொண்ணூற்றைந்து வயது வரையில் ஆயுளும் கிடைத்தது. சத்தியமூர்த்திக்கு அடிமை நாடு, ஒரு வருஷம், ஐம்பத்தைந்து வயது. 1942-ம் வருஷத்தில் மட்டும் விதி இருவரையும் ஒரே தட்டில் வைத்தது. அவ்வருஷம் யுத்த வெறி பிடித்த ராணுவக் கூட்டத்தை எதிர்த்துத் தேர்தலில் நின்ற ஒஸாகி மீது, சக்கரவர்த்தியை அவமதித்ததாக ஜப்பானியச் சர்க்கார் வழக்குத் தொடுத்தது. அந்த ஜப்பானுடன் போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் சர்க்காரோ, இங்கே சத்தியமூர்த்தியைப் பிடித்துச் சிறையில் அடைத்தது. 1944-ல் ஜப்பானின் உயர்தர நீதிமன்றம் ஒஸாகி குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. சத்தியமூர்த்தியை விசாரிக்க எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை.

அக்கைதின் வரலாறும் இந்த ரெயில் பாதையோடு சேர்ந்ததே. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிக்குக் காமராஜ் தலைவராகிவிட்டார். தலைவராக இருந்த சத்தியமூர்த்தி, தம் சிஷ்யருக்குக் கீழே காரியதரிசியாக வேலை செய்ய ஒப்புக்கொண்டார். பதவி ஆசை பிடித்தவர் என்று அவரைச் சொன்னவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொன்னார்களோ! தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறைவாசம். விடுதலையாகி வந்ததும், மீண்டும் சட்டசபை வேலையைக் காங்கிரஸ் மேற்கொள்ள வேண்டுமென்று பிரசாரம். அப்பிரசாரம் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால், 1942 ஆகஸ்டில் பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியதும், முன் சொன்னதையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு அதற்குத் தலைவணங்கினார். பம்பாயிலிருந்து திரும்பும் வழியில், சென்னையில் போலீஸார் காத்திருப்பார்கள் என்று அறிந்த காமராஜ் அரக்கோணத்தில் இறங்கி மறைந்து, ஊர் ஊராகச் சென்று தீர்மானத்தின் செய்தியைச் சேர்த்த பிறகே கைதானார். நோயாளியான சத்தியமூர்த்தியைச் சர்க்கார் வெகுதூரம் கொண்டுபோய் அமராவதிச் சிறையில் வைத்தது. பிரயாணத்தில் முதுகெலும்பில் ஏற்பட்ட காயம் ஆறவேயில்லை. 1943-ம் வருஷம் மார்ச்சு 28-ந் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். தேசம் விடுதலை பெற நான்கு வருஷமும் சில மாதங்களும் இருந்தன. பூண்டியில் மதகு திறக்க ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் இருந்தது.

ஆவடிக் காங்கிரஸ் நடந்தபோது காமராஜ் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி. யு. என். தேபர் அக்கிராசனம் வகித்த அந்த மகாசபையில்தான், சோஷலிச மாதிரியான சமுதாயத்தை அமைப்பதே லட்சியம் என்ற தீர்மானம் நிறைவேறியது. அதன் பின் இப்பக்கத்தின் தோற்றமே மாறிவிட்டது. 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. நெல் விளைந்த இடங்களில் பட்டறைகளும், பட்டறைகளைச் சுற்றிக் குடியிருப்புகளும் எழுந்தன. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியாயிற்று. குருவின் பெயரைப் பந்தல் நகரத்துக்கும் நீர்த்தேக்கத்துக்கும் சூட்டிய காமராஜ், தொழிற்சாலைகளும் நீரும் ஒன்றையொன்று தின்றுவிடாதபடி பின்வருவோர் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க வேண்டும்.

பின்வந்தோர் செய்தது என்ன? 1983-ல் ஆந்திரத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, 1996-ல் கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டை வழியாக வந்தபோது, அதைத் தாங்க இருந்த இடம் பூண்டியே. அங்கிருந்து ஒரு கால்வாய் செம்பரம்பாக்கத்துக்கும் வெட்டப்பட்டது. பூண்டியின் கொள்ளளவும் 3,231 மில்லியன் கன அடியாக உயர்த்தப்பட்டது. வீராணத்திலிருந்து குழாய் வந்தது. கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால், மழை நீரைப் பிடித்து வைக்கச் சென்னைக்கென்று இன்னொரு புதிய நீர்த்தேக்கம் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகையில் திறக்கப்பட்டது 2020-ம் வருஷத்தில்தான். 1944-க்குப் பின் எழுபத்தாறு வருஷம்! அதன் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. யுத்த காலத்தில், அடிமை நாட்டில், ஒரு வருஷத்து மேயர் ஆரம்பித்து வைத்த வேலையோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்கு இன்பமாக இல்லை.

இருக்கும் ஏரிகளின் கதி அதை விட மோசம். அம்பத்தூர் ஏரியிலும் கொரட்டூர் ஏரியிலும் கழிவுநீர் கலந்து அவற்றின் நிறமும் நாற்றமும் மாறின. போரூர் ஏரி சுருங்கிக்கொண்டே வந்தது. பாசனத்துக்கென்று நம் முன்னோர் வெட்டிய வாய்க்கால்கள் பல, மனைகளாக விலைபோயின. மழை வந்தால் அந்த நீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு வீடுகளுக்குள் வருகிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த வெள்ளம் அடையாற்றின் கரையில் செய்த நாசத்தை யாரும் மறக்கவில்லை. நான்கே வருஷம் சென்று, 2019 கோடையில், பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் ஒருங்கே வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு ரெயில் வந்தது. அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் வழியாகத்தான் அது வந்தது. நிரம்ப வேண்டிய ஏரிகள் காய்ந்து கிடக்க, அவற்றினிடையே தண்ணீர் ரெயிலேறிப் பிரயாணம் செய்த விசித்திரத்தை இப்பிரதேசத்தார் கண்ணாரக் கண்டார்கள். அந்நீரும் கீழ்ப்பாக்கத்துக்கே போயிற்று.

இன்று நமக்குச் சட்டசபை இருக்கிறது. வைஸ்ராயின் விசேஷ அதிகாரம் இல்லை. மந்திரி சொல்லும் பதிலை மறுத்துக் கேட்கும் அங்கத்தினரைச் சிறையில் தள்ளும் சர்க்காரும் இல்லை. சத்தியமூர்த்திக்கு இல்லாத சௌகரியங்கள் அனைத்தும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர் தொகுதிகளின் அங்கத்தினர்களுக்கு இருக்கின்றன. அவர்கள் எக்கட்சியினராக இருந்தாலும் சரி, சில கேள்விகளுக்கு நோட்டீஸ் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பூண்டியிலும் செம்பரம்பாக்கத்திலும் படிந்திருக்கும் வண்டலால் கொள்ளளவு எவ்வளவு குறைந்திருக்கிறது; அதை அகற்ற எந்த வருஷத்துக்குள் ஏற்பாடு? நகரத்துக்குப் போகும் இந்நீரில் ஏரிக்கரைக் கிராமங்களுக்கும் புறநகர்களுக்கும் கிடைக்கும் பங்கு என்ன? அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளில் கழிவுநீர் விடும் வாய்கள் எத்தனை. அவற்றில் எத்தனை இதுவரை அடைக்கப்பட்டன? ஏரிப் புறம்போக்கிலும் வாய்க்காலிலும் கட்டட அனுமதி கொடுத்தவர்கள் யார் யார்? கொசஸ்தலையில் இன்னும் எத்தனை கன அடி வெள்ளம் வருஷந்தோறும் எண்ணூரில் கடலோடு போகிறது?

எழுதி வைத்த பதில் வரும். அது வந்ததும் உட்கார்ந்துவிடாமல் உபகேள்வி கேட்க வேண்டும்.